காடைக்கு நோய் வந்தால்

வீட்டில் வளரும் ஜப்பானியக் காடை 150 முதல் 200 கிராம் எடையுள்ள சிறு பறவை. பூனைக்கும் பருந்துக்கும் இரையாகும் இனம் என்பதால் உடல் நலிவை முடிந்தவரை மறைக்கும். இறகைச் சிலிர்த்து, கண்மூடி, கூண்டின் மூலையில் ஒதுங்கிவிட்டால் நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க நல்ல வழி, தினமும் காலையில் எச்சத்தைப் பார்ப்பதுதான்.

ஆரோக்கியமான எச்சம் கெட்டியாக, நுனியில் வெண்மையோடு இருக்கும். இடையிடையே பழுப்பு நிறத்தில் பசைபோல வருவதும் இயல்பே. பருவமடைந்த சேவலின் எச்சத்தோடு வெள்ளை நுரை வரும். அதைக் கழிச்சல் என்று நினைத்துப் பலர் மருந்து வாங்க ஓடுகிறார்கள். அது இனப்பெருக்கச் சுரப்பியின் நுரை. சேவல் நலமாக இருக்கிறது என்பதற்கே அது அடையாளம்.

கவலைப்பட வேண்டியவை வேறு. எச்சத்தில் இரத்தமோ சளியோ தெரிந்தால் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். ஈரமான கூளத்தின் வழியாகப் பரவும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியால் வருவது அது. ஆம்புரோலியம் அதற்குக் கேட்கும். தண்ணீராக வெளுத்துக் கழிந்து, மார்புச் சதை வற்றினால் குடற்புண் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கிளாஸ்டிரிடியம் கோலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் இந்நோய்க்கு ஆம்புரோலியம் பயன்படாது, ஆன்டிபயாட்டிக் வேண்டும். இரண்டும் கழிச்சல்தான், மருந்து வேறு. அதனால்தான் கடைக்காரர் சொல்லும் மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கலக்கக் கூடாது என்கிறேன். பூஞ்சை பிடித்த தீவனத்தாலும் கூளத்தாலும் நுரையீரல் கெட்டு வாய்திறந்து மூச்சிரைக்கும் பறவைக்கோ உருப்படியான மருந்தே இல்லை. தீவன மூட்டையை ஈரம் படாமல் வைப்பதே காப்பு.

சந்தேகம் வந்த நொடியே அந்தப் பறவையைத் தனிக் கூண்டில் விட்டு, ஒரு பக்கம் மட்டும் குண்டு பல்பு வெப்பம் படச் செய்யுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர இடம் இருக்கட்டும். எலக்ட்ரோலைட் கலந்த தண்ணீரைத் தாழ்வான கிண்ணத்தில் வையுங்கள். நலமான பறவைகளுக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, கடைசியாக நோயாளியைத் தொடுங்கள். கோழிகளோடு சேர்த்து அடைக்க வேண்டாம். கோழியின் சளி நோய்கள் காடைக்கும் தொற்றும்.

மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன்பின் மருத்துவர் சொல்லும் காலம்வரையும் முட்டையைச் சாப்பிடாதீர்கள். பறவை இறந்தால் உடனே புதைத்துவிடாமல், பையில் கட்டி ஐஸ் வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். குடலை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். மிஞ்சிய பறவைகளுக்குச் சரியான மருந்தும் கிடைக்கும்.