நிறுவல் மென்பொருளிலிருந்து மேகச் சந்தாவுக்கு மாற்றம்

வணிக நிறுவனங்கள் முன்பு மென்பொருளுக்கு ஒரே முறை விலை கொடுத்து உரிமம் வாங்கி, அதைத் தம் சொந்தக் கணினிகளில் நிறுவிப் பயன்படுத்தின. இன்று பல நிறுவனங்கள் விற்பனையாளரின் தரவு மையத்தில் இயங்கும் மென்பொருளை, மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ செலுத்தி, இணையம் வழியாகப் பயன்படுத்துகின்றன. இந்த மாற்றமே நிறுவல் மென்பொருளிலிருந்து மேகச் சந்தாவுக்கு மாற்றம் எனப்படுகிறது. சந்தா முறையில் கிடைக்கும் மென்பொருள் 'சாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இது மேகக் கணிமையின் ஒரு பிரிவாகும். சென்னையைத் தளமாகக் கொண்டு வளர்ந்த ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகியவை இம்முறையில் உலகச் சந்தையில் இடம்பிடித்த நிறுவனங்கள்.

இரு முறைகளின் வேறுபாடு

நிறுவல் முறையில் மென்பொருளும் தரவும் வாங்கியவரின் அலுவலகத்திலேயே இருக்கும். வழங்கிக் கணினி வாங்குவது, தரவை நகலெடுத்து வைப்பது, புதிய பதிப்பை நிறுவுவது ஆகியவை அவருடைய பொறுப்பு. 1986இல் தொடங்கப்பட்ட டேலி நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் இம்முறைக்கு நன்கு அறிந்த எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டின் கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் அது கணினியில் நிறுவப்பட்டே நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளது.

சந்தா முறையில் மென்பொருளின் ஒரே பதிப்பு விற்பனையாளரின் வழங்கிகளில் இயங்கும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் அதையே உலாவி வழியாகப் பகிர்ந்து பயன்படுத்துவர். ஒவ்வொருவரின் தரவும் தனித்தனியே காக்கப்படும். பிழை ஒன்று திருத்தப்பட்டால் அந்தத் திருத்தம் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போய்ச் சேரும். வாடிக்கையாளர் வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டுடன் இதை ஒப்பிடலாம்.

வரலாறு

கணினியை வாடகைக்குப் பயன்படுத்துவது புதிதன்று. கணினிகள் மிக விலை உயர்ந்திருந்த 1960களில், பெரிய கணினி ஒன்றின் நேரத்தைப் பலர் கட்டணம் செலுத்திப் பகிர்ந்துகொண்டனர். மேசைக் கணினி மலிவானதும் மென்பொருள் உரிமம் வாங்கும் வழக்கம் பரவியது. இணைய இணைப்பு வேகம் பெற்றபின் வாடகை முறை மீண்டும் வந்தது. அமெரிக்காவில் 1999இல் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ், வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருளை இணையம் வழியாக மட்டுமே வழங்கியது. 2006இல் அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2011இல் ஆபீஸ் 365 சந்தாவை வெளியிட்டது. அடோபி 2013இல் தன் வடிவமைப்பு மென்பொருள் தொகுப்பின் புதிய பதிப்புகளைச் சந்தாவில் மட்டுமே வழங்குவதாக அறிவித்தது.

தமிழ்நாட்டில்

ஜோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பாளர்களுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் விற்பதே அதன் முதல் தொழில். 2001 வாக்கில் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது அதன் வாடிக்கையாளர்கள் பலர் மறைந்தனர். சில பெரிய வாடிக்கையாளர்களை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை அச்சரிவு காட்டியது. அதன்பின் நிறுவனம் மேனேஜ் இன்ஜின் என்ற பிரிவின் வழியாகப் பொதுவான நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியது. 2005இல் இணைய எழுதுமென்பொருளையும் வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருளையும் வெளியிட்டு மேகச் சேவைக்குள் நுழைந்தது. 2009இல் தன் பெயரையே ஜோஹோ என மாற்றிக்கொண்டது. எனினும் மேனேஜ் இன்ஜின் பிரிவு நிறுவல் பதிப்புகளையும் இன்றுவரை விற்று வருகிறது. பழைய முறை முற்றிலும் மறையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

வாடிக்கையாளரின் இடத்திற்கு ஆள் அனுப்பி நிறுவித் தர வேண்டிய தேவை இல்லாததால், மென்பொருளை எந்த ஊரிலிருந்தும் உருவாக்கி விற்க முடிகிறது. ஜோஹோ 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தது.

ஜோஹோவில் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம், 2010இல் ஷான் கிருஷ்ணசாமியுடன் இணைந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு, வாடிக்கையாளர் உதவி மென்பொருள் துறையின் ஒரு வெளிநாட்டு நிறுவனம் சந்தாக் கட்டணத்தை உயர்த்தியதால் எழுந்த அதிருப்தி இதற்குத் தூண்டுதலாக அமைந்தது. பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய இந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

செலவுக் கணக்கு

சந்தாவின் முதன்மைக் கவர்ச்சி, தொடக்கத்தில் பெருந்தொகை தேவைப்படாமை. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நிறுவல் மென்பொருளின் உரிமம் ரூ. 90,000, வழங்கிக் கணினி ரூ. 60,000, ஆண்டுப் பராமரிப்பு ரூ. 18,000 எனக் கொள்வோம். அதற்கு இணையான சந்தா மாதம் ரூ. 5,000. மூன்று ஆண்டுகளில் நிறுவல் முறைக்கு ரூ. 2,04,000 செலவாகும், சந்தாவுக்கு ரூ. 1,80,000 ஆகும். ஐந்து ஆண்டுகளில் கணக்கு தலைகீழாகிறது: நிறுவல் முறைக்கு ரூ. 2,40,000, சந்தாவுக்கு ரூ. 3,00,000. ஆக, குறுகிய காலத்திற்குச் சந்தாவும் நீண்ட காலத்திற்கு உரிமமும் மலிவாகத் தோன்றும். ஆனால் பழுதான வழங்கியை மாற்றும் செலவு, அதைக் கவனிக்கும் பணியாளரின் ஊதியம், சந்தாக் கட்டண உயர்வு ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விற்பவருக்கும் கணக்கு மாறுகிறது. உரிமம் விற்றால் பணம் ஒரே முறையில் வந்துவிடும். சந்தாவில் அது சிறிது சிறிதாகவே வரும்; வாடிக்கையாளர் விலகினால் நின்றுவிடும். எனவே விற்ற பின்னும் வாடிக்கையாளரை நிறைவாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு உண்டு.

கட்டுப்பாடும் சார்பும்

சந்தா முறையில் சாவி விற்பவரிடம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்துள்ள இந்திய எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்துக்கான சேவைகளை நிறுத்தியது. பணம் செலுத்திப் பெற்ற சேவை தமக்கு மறுக்கப்படுவதாக நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாட்களில் சேவை மீண்டும் கிடைத்தது. இந்தியச் சட்டப்படி இயங்கும் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலை வேறொரு நாட்டின் முடிவு முடக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

சிறு வணிகருக்கு ஏற்படும் சிக்கல் இதைவிட எளிமையானது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்ளலாம். பௌர்ணமி இரவில் பெருங்கூட்டம் நடக்கும்போது கைப்பேசி இணைப்பு திணறக்கூடும். மேகத்தை மட்டுமே நம்பிய பில்லிங் மென்பொருள், வியாபாரம் மிகுந்த அந்த நேரத்தில்தான் நின்றுபோகும். இணைப்பு இல்லாதபோதும் இயங்கி, பின்னர் தரவை மேகத்தில் சேர்க்கும் மென்பொருள் இத்தகைய இடங்களுக்குப் பொருந்தும்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

- சந்தா முடிந்தபின் தரவை வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில் முழுமையாகப் பதிவிறக்க முடியுமா, அதற்கு எத்தனை நாள் அவகாசம் உண்டு.
- தரவு எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது. வாடிக்கையாளர்களின் விவரங்களைத் திரட்டும் நிறுவனம், அவற்றை மேகத்தில் வைத்தாலும், இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி அவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.
- கட்டண உயர்வு குறித்தும் சேவை நிறுத்தம் குறித்தும் ஒப்பந்தம் என்ன சொல்கிறது.
- இணையம் துண்டிக்கப்பட்டால் எந்தப் பணிகள் தொடரும்.

பொதுவாக, சந்தா செலுத்தும் நிறுவனம் தன் கணக்குகளின் ஒரு நகலைக் குறித்த கால இடைவெளியில் தன் கணினியிலும் சேமித்து வைப்பது பாதுகாப்பானது. மென்பொருள் வாடகைக்கு எடுத்ததாக இருந்தாலும் அதில் பதிந்த கணக்கு வணிகருக்குச் சொந்தமானது.