வீட்டு பிரிண்டருக்கு யாரெல்லாம் கட்டளையிடலாம்?

2018 நவம்பர் இறுதியில், பல நாடுகளில் பிரிண்டர்கள் யாரும் சொல்லாமலேயே தாளைத் துப்பின. ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்கும் பிரசுரம் அது. சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு அனுப்பியதாகச் செய்தவரே சொன்னார். எந்தக் கடவுச்சொல்லையும் அவர் உடைக்கவில்லை. அச்சு வேலையை வாங்கிக்கொள்ளும் 9100 என்ற போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடந்தது. அனுப்புவது யாரென்று அந்த போர்ட் கேட்பதில்லை. வீட்டுக்குள் அது வசதி, ரவுட்டரைத் தாண்டித் தெரிந்தால் ஆபத்து.

நம் வீட்டு பிரிண்டர் வழியாகப் போவது ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை. அதனால் முதலில் ரவுட்டரைப் பாருங்கள். வெளியிலிருந்து வீட்டுக் கருவிகளுக்கு வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் பிரிண்டர் இருந்தால் நீக்குங்கள். யுபிஎன்பி வசதியை அணையுங்கள். நம்மைக் கேட்காமல் கருவிகளுக்கு வெளிவாசல் திறந்துவிடுவது அதுதான். மாடியில் குடியிருப்பவருக்கு உங்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தால் பிரிண்டரையும் கொடுத்ததாகவே ஆகும். அவருக்கும் விருந்தாளிகளுக்கும் கெஸ்ட் வைஃபை போதும்.

பிரிண்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் தட்டினால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். கம்பெனி வைத்த கடவுச்சொல்லை அங்கே மாற்றிவிடுங்கள். பிரதர் நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான மாடல்களில் அந்தக் கடவுச்சொல்லை சீரியல் எண்ணிலிருந்தே கணக்கிட்டுவிடலாம் என்று 2025 ஜூனில் தெரியவந்தது. ஏற்கனவே விற்ற கருவிகளில் ஃபர்ம்வேர் அப்டேட்டால் மட்டும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. உரிமையாளரே மாற்ற வேண்டும். கம்பெனி விட்ட ஓட்டையை வாங்கியவர் அடைக்க வேண்டியிருப்பது நியாயமே இல்லை. ஆனாலும் மாற்றிவிடுங்கள். மற்ற ஓட்டைகளுக்கு அப்டேட்தான் மருந்து, அதையும் விடாதீர்கள். பழைய பிரிண்டரை விற்கும்முன் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், உங்கள் வைஃபை கடவுச்சொல் அதற்குள் இருக்கிறது.

உங்கள் பிரிண்டருக்குள் அனுமதியின்றி நுழைந்தவரிடம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். மோசடி நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். மற்றவற்றுக்கு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. அச்சாகி வந்த தாள், பிரிண்டரின் வேலைப் பதிவு, ரவுட்டரின் பதிவு எல்லாமே சாட்சியம். பதற்றத்தில் ரீசெட் செய்தால் பதிவுகள் அழிந்துவிடும். முதலில் படம் எடுத்துச் சேமியுங்கள்.