வினவல்களின் பேரேடு

நுழையும்முன்

தரவுகள் பெருகிய இக்காலத்தில் விடைகளைத் தேடுவதைவிட வினாக்களைச் செம்மையாக அமைப்பதே அரிய பணியாகிவிட்டது. ஒருவர் அமைத்த வினா பலருக்கும் பயன்படுமாறு பாதுகாக்கப்படுதல் வேண்டும். தொழிலகங்களில் அப்பணி நடைபெறும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பொருளின் வாழ்க்கை வரலாறு

மனிதருக்கு வாழ்க்கை வரலாறு இருப்பதுபோல, தொழிலகத்தில் உருவாகும் ஒவ்வொரு பொருளுக்கும் வரலாறு உண்டு. வரைபடமாகத் தோன்றி, மாதிரியாகச் சோதிக்கப்பட்டு, உற்பத்தியாகி, பயன்பாட்டில் பழுதுநீக்கப்பட்டு, இறுதியில் கழிக்கப்படும் வரையிலான செய்திகளை ஒருங்கே பேணும் மென்பொருளே தயாரிப்பு வாழ்க்கைச் சுழற்சி மேலாண்மை மென்பொருள் ஆகும்.

இதன் தேவையை ஒரு விமானத்தைக் கொண்டு உணரலாம். முழுவதும் கணினியிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானமான போயிங் 777, 1994ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதில் ஏறத்தாழ 30 இலட்சம் பாகங்கள் உள்ளன. இத்தகைய பொருளின் ஒவ்வொரு பாகத்திற்கும் வரைபடம், மூலப்பொருள், வழங்குநர், திருத்தம், ஒப்புதல் எனப் பல பதிவுகள் இருக்கும். அவற்றுள் வேண்டியதைக் கண்ணால் தேடிக் கண்டறிதல் இயலாது.

வினவலும் அதன் சேமிப்பும்

தரவுத்தளத்திடம் நிபந்தனைகளுடன் கேட்கப்படும் வினா, வினவல் எனப்படும். நன்னூல் கூறும் அறுவகை வினாக்களுள் இதனை அறியா வினாவோடு ஒப்பிடலாம். ஆனால், மனிதர் குறிப்பால் உணர்வதைக் கணினி உணராது. ஒவ்வொரு நிபந்தனையையும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

நீரேற்றி செய்யும் தொழிலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட வழங்குநர் அளித்த ஒரு தொகுதி இரப்பர் வளையங்கள் விரைவில் வெடிப்பதாகத் தெரியவருகிறது. அவை எந்தெந்த நீரேற்றிகளில் பொருத்தப்பட்டுள்ளன என்பதை அறிய வேண்டும். பொறியாளர் ஒருவர் வழங்குநர், தொகுதி எண், உற்பத்தி நாள் ஆகிய மூன்று நிபந்தனைகளை இணைத்து வினவல் ஒன்றை அமைக்கிறார். அதனைப் பெயரிட்டுச் சேமிக்கும்போது அம்மூன்று மதிப்புகளையும் வெற்றிடங்களாக விடுகிறார். அடுத்த முறை வேறொரு பாகத்தில் குறை தோன்றினால், பிறர் அவ்வெற்றிடங்களை நிரப்பினாலே போதும். ஒருவரின் உழைப்பு இவ்வாறு நிறுவனத்தின் பொதுச்சொத்தாகிறது.

தெரிந்து தெளிவோம்

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் உறவுமுறைக் கோட்பாட்டை 1970இல் வெளியிட்டார். அதன் அடிப்படையில் அந்நிறுவனத்தைச் சார்ந்த டொனால்டு சாம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் ஆகியோர் 1974இல் வினவல் மொழி ஒன்றை அறிமுகப்படுத்தினர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குகிறது.

பட்டியலிடுதல்

சேமித்த வினவல்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது அவற்றைத் தேடுவதே தனிப்பணியாகிறது. நூலகத்திற்கு நூற்பட்டியல் போல, வினவல்களுக்கும் பட்டியல் தேவை. வினவலின் பெயர், நோக்கம், அமைத்தவர், நிரப்ப வேண்டிய வெற்றிடங்கள், இறுதியாகத் திருத்திய நாள், தனிப்பட்டதா பொதுவானதா என்னும் செய்திகள் அதில் இடம்பெறுதல் நலம். இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் சேமித்த வினவலும் தரவுத்தளத்தில் ஒரு பதிவாகவே வைக்கப்படுகிறது. ஆகவே, வினவல்களைப் பற்றியே வினவலாம். ஒரு துறையினர் அமைத்தவற்றை மட்டும் பிரித்துப் பட்டியலிடலாம்.

பட்டியல் பிழைபடின்

‘பாகம் பயன்படும் இடங்கள்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு வினவல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று எல்லாப் பதிவுகளிலும் தேடுகிறது. மற்றொன்று தற்போதைய வடிவமைப்புகளில் மட்டும் தேடுகிறது. வேறுபாடு பட்டியலில் குறிக்கப்படவில்லை. பொறியாளர் இரண்டாவதைத் தேர்ந்தால், முன்னைய வடிவமைப்பின்படி செய்து விற்கப்பட்ட நீரேற்றிகள் விடையில் வாரா. கணினி பிழைச்செய்தி எதனையும் காட்டாது. விடை முழுமையானதாகவே தோன்றும். குறையுள்ள வளையம் யாரோ ஓர் உழவரின் கிணற்றடியில் இயங்கிக்கொண்டிருக்கும். அதுவே ஊர்தியின் தடுப்புக் கருவியாக இருப்பின் உயிரிழப்பும் நேரலாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பதிவுகளைக் காணும் உரிமை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலால், ஒரே வினவலை இருவர் இயக்கினும் அவரவர் உரிமைக்கேற்ப விடைகள் மாறலாம். பயன்படாத வினவலை நீக்கும்போதும், ஏதேனும் அறிக்கை அதனைச் சார்ந்துள்ளதா என ஆராய்தல் வேண்டும்.

நிறைவாக

வினவலுக்குத் தெளிவான பெயரிடுதலும், அதன் எல்லையை ஓரிரு வரிகளில் எழுதிவைத்தலும் சில நிமிடப் பணிகளே. ஆனால், அமைத்தவர் பணியிலிருந்து விலகிய பின்னரும், அவர் என்ன கேட்டார், எதனைக் கேட்காமல் விட்டார் என்பதை அடுத்து வருபவருக்கு உணர்த்துபவை அவ்வரிகளே. அவற்றைப் படித்தறிந்த பின்னரே, கணினி தரும் விடையை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதை ஒருவர் முடிவுசெய்ய இயலும்.