உங்களுக்குத் தெரியுமா? வடிவம் ஒன்று, வேகம் வேறு!
கணினிக்கு எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் வாங்கப் புறப்படுவோர், எம்.2 என்னும் மெல்லிய பட்டை வடிவத்தைக் கண்டவுடனே அதனை அதிவேகமானதென்று நிச்சயித்துவிடுதல் சகஜமாயினும், அவ்வடிவத்தினுள்ளேயே சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகைகள் உண்டென்பதும், முன்னது விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட்டோடு நின்றுவிட, பின்னது மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ.இ. இணைப்பிலேயே சுமார் 3,500 மெகாபைட்டை எட்டவல்லது என்பதும் அறியத்தக்கன. ஆகவே, மதர்போர்டின் ஸ்லாட் எவ்வகையை ஏற்குமென்பதைக் கையேட்டில் பார்த்தறிந்த பின்னரே வாங்குதல் விவேகம்.

1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகத்தை ஆதாரமாகக் கொண்ட எஸ்.எஸ்.டி., எவ்வகையாயினும், தகவலை மின்னூட்டமாகத் தேக்கிவைப்பதாகையால், மின்சாரமின்றி நெடுங்காலம் கிடக்குமாயின் அம்மின்னூட்டம் மெல்லக் கசிந்து தகவல் அழியவும் கூடும். ஆதலின், அரிய புகைப்படங்களுக்கும் ஆவணங்களுக்கும் ஹார்ட் டிஸ்கில் மற்றொரு பிரதி வைத்துக்கொள்வது அவசியம்.