கரிசல் மானாவாரியில் முன்பருவ விதைப்பு

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ. தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடுகிறது. முதல் மழை பெய்ததும் விதைக்கலாம் என்று காத்திருந்தால் என்ன நேருகிறது? கரிசல் குழைந்து கலப்பையில் அப்பிக்கொள்கிறது. நிலம் பதத்திற்கு வருவதற்குள் ஒரு வாரம் போய்விடும். அடுத்த மழையும் விழுந்துவிட்டால் இன்னும் ஒரு வாரம். இப்படித் தாமதித்து விதைத்த சோளம் கதிர் வாங்கும் வேளையில் நிலத்தில் ஈரம் இருப்பதில்லை, தட்டைதான் மிஞ்சும். பிந்திய பயிரில் குருத்து ஈயின் தொல்லையும் அதிகம்.

ஆகவே, பருவமழை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக, புரட்டாசி மத்தியில், காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட வேண்டும். கோடை உழவு செய்து புழுதியாக்கிய நிலமாக இருத்தல் அவசியம்.

"தூறல் விழுந்து முளைத்து, பிறகு வெயிலில் கருகிவிட்டால் விதைக்குப் போட்ட பணம் போச்சே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான அச்சமே. மேலாக வீசி விதைத்தால் அப்படித்தான் ஆகும். விதையை 5 செ.மீ., அதாவது மூன்று விரற்கடை ஆழத்தில் விழச் செய்யுங்கள். சிறு தூறலின் ஈரம் அந்த ஆழத்திற்கு இறங்காது. சுமார் 20 மி.மீ. மழை கிடைத்தால்தான் விதை முளைக்கும். அந்த ஈரம் இளம்பயிரைச் சில நாட்கள் தாங்கும். எனவே இம்முறையில் ஆழம்தான் உயிர்நாடி. கை விதைப்பில் ஆழம் ஒரே சீராக அமையாது. கொழுவுடன் கூடிய விதைப்பானை வாடகைக்கு எடுத்தாவது விதைப்பது நல்லது.

விதையைக் கடினப்படுத்தியும் விதைக்க வேண்டும். ஏக்கருக்குத் தேவையான 6 கிலோ சோள விதைக்கு, 42 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் உப்பை 2 லிட்டர் 100 மி.லி. நீரில் கரைத்து, அதில் விதையை 6 மணி நேரம் ஊறவையுங்கள். பின்னர் நிழலில் உலர்த்துங்கள். எவ்வளவு உலர்த்துவது என்பதில்தான் பலருக்கு ஐயம். ஊறவைக்கும் முன் இருந்த எடைக்கே விதை திரும்ப வேண்டும். தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம். இவ்விதை வறட்சியைத் தாங்கி முளைக்கும்.

ஆவணியிலேயே அவசரப்பட வேண்டாம். விதை நெடுநாள் புழுதியில் கிடந்தால் எறும்புக்கும் பறவைக்கும் இரையாகும். மணற்பாங்கான செம்மண்ணில் ஈரம் நிற்காது. அங்கு இம்முறையைப் பரிந்துரைப்பதற்கில்லை.

மழைக்குப் பின் உழவு இல்லாததால் களை பயிருடனேயே கிளம்பும். முளைத்த 15 முதல் 20 நாட்களுக்குள் முதல் களையை எடுத்துவிடுங்கள்.