மிட்டாய்க்குக் காத்திருக்கும் குழந்தைதான் பெரிய ஆளாகுமா? மார்ஷ்மெல்லோ டெஸ்ட் சொல்வது என்ன?

இந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. நாலு வயசுக் குழந்தை முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். ‘நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா இன்னொண்ணும் தருவேன்’ என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போய்விடுவார். வீட்டிலேயே இதை வைத்துப் பார்த்துவிட்டு, ‘இவன் தேற மாட்டானோ’ என்று கவலைப்படும் பெற்றோரும் உண்டு.

1960களின் இறுதியில் இதைத் தொடங்கியவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் வால்டர் மிஷெல். அதிக நேரம் காத்திருந்தவர்கள், பின்னாளில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்ததாக 1990-ல் அவரது குழு எழுதியது. அவ்வளவுதான், பேரன்டிங் புத்தகங்கள் பிடித்துக்கொண்டன. ஆனால், அவர்கள் பல்கலைக்கழக வளாக நர்சரிப் பிள்ளைகள். மதிப்பெண் விவரம் கிடைத்தது 100 பேருக்கும் குறைவு.

2018-ல் டைலர் வாட்ஸ் குழு 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்து, அம்மா கல்லூரிப் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைகளை முக்கியமாகக் கவனித்தது. 15 வயதில் அவர்களின் படிப்புத் திறனோடு தொடர்பு தெரிந்தது. பழைய ஆய்வில் பாதி அளவுக்குத்தான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயதுத் திறன் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

அப்படியானால் அந்த டெஸ்ட் எதைத்தான் அளந்தது? ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளிடம் நடந்த சின்ன ஆய்வு (2013) இங்கே சுவாரஸ்யமானது. படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருவதாக முதலில் ஒரு வாக்குறுதி. அதைக் காப்பாற்றியவரை நம்பிக் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம்? 3 நிமிடம்தான். கையில் இருப்பதைச் சாப்பிட்ட அந்தப் பிள்ளைகள் எனக்கு விவரமானவர்களாகத்தான் தெரிகிறார்கள்.