ஆன் ஆக அஞ்சு நிமிஷம்... பாதியில ஆஃப்! அசெம்பிள்டு பி.சி-யில் கோளாறு எங்கே?

பட்டனை அழுத்திவிட்டு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக ஆன் ஆனால், பிள்ளைகள் புராஜெக்ட் டைப் செய்யும்போதோ கேம் ஆடும்போதோ சட்டென்று நீலத்திரை. இல்லையென்றால் மொத்தமாக ஆஃப்!

வீட்டிலேயே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பிராண்டட் கம்ப்யூட்டருக்கு ஒரே கம்பெனி, ஒரே சர்வீஸ் சென்டர். அசெம்பிள்டு பி.சி-யில் பிராசஸர் ஒரு கம்பெனி, மதர்போர்டு இன்னொரு கம்பெனி, ரேமும் பவர் சப்ளையும் வேறு வேறு. யாரிடம் போய்க் கேட்பது?

'ரேம் போட்டா சரியாகிடும்', 'மதர்போர்டு போயிடுச்சு' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதை நம்பிப் புது பார்ட் வாங்கிப் போட்டாலும் பழைய பிரச்னை அப்படியே இருக்கலாம். அதனால் பர்ஸைத் திறக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். மெதுவாக ஆன் ஆகிறதென்றால், எந்தக் கட்டத்தில் நிற்கிறது? பாதியில் ஆஃப் ஆகிறதென்றால், எப்போது ஆகிறது?

முதல் வேலை பேக்கப்

கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகிறதா? அப்படியென்றால் முதலில் குடும்ப போட்டோக்கள், சான்றிதழ்கள், கணக்கு ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி செய்துவிடுங்கள். பார்ட்டைக் கடையில் வாங்கிவிடலாம். பத்து வருட போட்டோக்களை வாங்க முடியாது.

அடுத்து, 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். 'குட்' என்றால் இப்போதைக்கு பயம் குறைவு. 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தாலோ, டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் கேட்டாலோ, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் டிஸ்க் இன்னும் மோசமாகலாம்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பட்டனை அழுத்தியதிலிருந்து மொபைலில் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பாருங்கள். மூன்று கட்டங்கள் இருக்கின்றன.

1. மதர்போர்டு லோகோ வரும் வரை: இங்கே தாமதமானால் விண்டோஸுக்குச் சம்பந்தமில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தின் மேல் மூலையில் பல கம்ப்யூட்டர்களில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று வினாடிக் கணக்கு இருக்கும். 10, 15 வினாடிகள் சாதாரணம். அதைவிட மிக அதிகமென்றால், செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி டிஸ்க், பிரின்டரை எல்லாம் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள்.

டிடிஆர் 5 ரேம் உள்ள புது கம்ப்யூட்டரில், முதல்முறை ஆன் செய்யும்போதும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய் பவரை அணைத்துவிடாதீர்கள்.

தேதியும் நேரமும் அடிக்கடி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில் இருக்கும் 'சிஆர் 2032' என்ற காசு வடிவ பேட்டரியை மாற்றுங்கள். சின்ன செலவுதான்.

2. வட்டம் சுற்றும் நேரம்: இங்கே இழுத்தால் பெரும்பாலும் காரணம் டிஸ்க். விண்டோஸ் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தால், எஸ்எஸ்டி-க்கு மாற்றுவதுதான் கொடுக்கும் காசுக்கு அதிக பலன். ஹார்டு டிஸ்க்கில் தகடு சுற்றி, முள் நகர்ந்து ஒவ்வொரு ஃபைலாகத் தேட வேண்டும். எஸ்எஸ்டி-யில் சுற்றும் பாகமே கிடையாது. நிமிடக் கணக்கில் ஆன் ஆன கம்ப்யூட்டர், வினாடிக் கணக்குக்கு வந்துவிடும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தும் மெதுவென்றால், சி டிரைவ் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள்.

3. டெஸ்க்டாப் வந்த பிறகு: ஐகான்கள் வந்தும் மவுஸ் நகர மறுத்தால், கூடவே ஓடத் தொடங்கும் புரோகிராம்கள்தான் காரணம். டாஸ்க் மேனேஜரின் அதே 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில், 'ஹை' என்று குறித்திருப்பதில் தேவையில்லாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். புரோகிராம் அழியாது, தானாக ஓடாது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி ஆனில் இருந்தால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் சிஸ்டம் முழுதாக அணைவதில்லை. ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்து மறுநாள் அங்கிருந்தே தொடங்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரத்துக்கு ஒருமுறை அதைச் செய்யுங்கள்.

எப்போது ஆஃப் ஆகிறது?

நீலத்திரை வராமல் பட்டென்று ஆஃப் ஆனால்: சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மீது. கரன்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? பல வீட்டு இன்வர்ட்டர்களில் 'யு.பி.எஸ்' மோடு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். தனி யு.பி.எஸ் இருந்தால் அதன் பேட்டரிக்கு வயதாகிவிட்டதா என்று பாருங்கள். கேம், வீடியோ எடிட்டிங் என்று கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் ஆஃப் ஆனால், பவர் சப்ளைக்குத் தெம்பு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அசெம்பிள் செய்யும்போது காசு மிச்சம் பிடிக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். ஒன்று, பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

அரை மணி நேரம் ஓடிய பிறகு ஆஃப் ஆனால்: சூடு. 'ஹெச்டபிள்யூ இன்ஃபோ' மென்பொருளில் பிராசஸரின் வெப்பநிலையைப் பாருங்கள். சாதாரண வேலையிலேயே 90 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

நேரம் காலம் இல்லாமல் நீலத்திரை வந்தால்: அதில் இருக்கும் எழுத்துகளை மொபைலில் போட்டோ எடுங்கள். புதிய விண்டோஸ் 11-ல் இந்தத் திரை கறுப்பாகவும் வரும். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் முதலில் ரேமைச் சோதியுங்கள். பவரைத் துண்டித்து, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி அழுத்தமாக மறுபடி செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பயாஸில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' ஆனில் இருந்தால், அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அந்த செட்டிங் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒத்துக்கொள்ளாது. பிறகு 'மெம்டெஸ்ட்' சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது பெரும்பாலும் ரேமையோ அதன் செட்டிங்கையோதான் காட்டுகிறது.

போர்டு ஒன்று, குற்றவாளி வேறு

அறிகுறியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் வைத்திருந்த சிலருக்கு, கேம் ஆடும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று வந்து கேம் மூடிக்கொண்டது. படித்தால் யாருக்கும் கிராபிக்ஸ் கார்டு மீதுதான் சந்தேகம் வரும். உண்மையில் கோளாறு பிராசஸரில். அளவுக்கு மீறிய வோல்டேஜ்தான் காரணம் என்று 2024-ல் இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட் மூலம் தீர்வு கொடுத்து, வாரன்ட்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான பிராசஸரை அப்டேட் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். இந்த வகை பிராசஸர் உங்களிடம் இருந்தால், மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்தில் புதிய பயாஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குப் போகும் முன்...

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். ரேமை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, டிரைவரையும் அப்டேட் செய்தால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. என்ன செய்தீர்கள், அதன் பிறகு எத்தனை நாள் ஒழுங்காக ஓடியது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அசெம்பிள்டு பி.சி-யில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி வாரன்ட்டி. சில பார்ட்களுக்கு அது பல ஆண்டுகள்வரை இருக்கும். பில்களை போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவுக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போகும்போது, 'கம்ப்யூட்டர் ஓடலை' என்று சொன்னால் அவர்கள் முதலிலிருந்து தேட வேண்டும். 'வட்டம் சுற்றும்போது 4 நிமிடம் நிற்கிறது, டிஸ்க் காஷன் காட்டுகிறது' என்று சொல்லிப் பாருங்கள். வேலையும் சீக்கிரம் முடியும், தேவையில்லாத பார்ட்டும் உங்கள் பில்லில் ஏறாது.